நாளின் எல்லை: தரவுத்தள ஏற்றுமதியில் தேதிச் சார்புகள் பிழைபடும் முறையும் திருத்தும் வழியும்

(மணவூரில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்தில் சேர்ந்துகிடக்கும் பதிவுகளில் வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து, மற்றோர் அலுவலகமோ தணிக்கையாளரோ படிக்கத்தக்க கோப்பாக வெளியே கொண்டுவரும் வேலைக்கு ஏற்றுமதி என்று பெயர். எந்தப் பதிவுகளை எந்த வடிவில் எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் ஆணை வினவல் எனப்படும். அலுவலகப் பேச்சில் அது குவெரி என்றே வழங்குகிறது. வினவலுக்குள் ஒரு தேதியிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்தெடுக்கவும், இரு தேதிகளுக்கு இடையிலான நாள்களை எண்ணவும், தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் எழுதிக் காட்டவும் உதவும் ஆயத்தக் கருவிகள் தேதிச் சார்புகள் ஆகும். இவை தவறும்போது கணினி பெரும்பாலும் பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை என்பதே இத்துறையின் பெருந்தொல்லை. கோப்பு உருவாகிவிடுகிறது, கூட்டுத்தொகையும் வந்துவிடுகிறது, சில பதிவுகள் மட்டும் விடுபட்டோ வேறு நாளுக்கு நகர்ந்தோ போய்விடுகின்றன. சார்பில் கோளாறு இருப்பதாக எண்ணி அதையே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பவர் பலர். ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு நாள் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது, அது எந்த ஊரின் கடிகாரப்படி, எந்த ஆண்டுக் கணக்கின்படி என்பதை வினவல் எழுதியவர் சொல்லாமல் விட்டதும், சொல்லாத இடத்தைக் கணினி தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டதுமே காரணமாக இருக்கின்றன.

மணவூர் வட்டாரத்தார் நன்கறிந்த ஒரு நாளை வைத்தே இதை விளக்கலாம். திருத்தணி சுப்பிரமணிய சுவாமி கோயிலின் மலைப்பாதையில் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் உள்ளன. டிசம்பர் 31 அன்று அப்படிகளுக்கு மஞ்சள் குங்குமமிட்டுப் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே அடியார்கள் ஏறும் படித் திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தார். அன்று காலையிலிருந்து நள்ளிரவு கடந்தும் கூட்டம் குறையாது. இத்தகைய ஒரு நாளின் காணிக்கை ரசீதுகள் கணினியில் ஏறுவதாகக் கொண்டு, டிசம்பர் மாத ரசீதுகளை ஏற்றுமதி செய்யும் வினவலில் ‘டிசம்பர் 1க்கும் டிசம்பர் 31க்கும் இடையில்’ என்ற நிபந்தனை, பிட்வீன் என்னும் சொல்லால், எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் மனிதருக்கு இதில் குறையொன்றும் தெரியாது. கணினியோ, மணி குறிப்பிடாத தேதியை அந்நாளின் தொடக்கமாகிய 00:00:00 என்றே கொள்வதால், டிசம்பர் 31 பிறக்கும் அந்த ஒரு கணத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. காலை 6 மணி ரசீதும் மாலை 7 மணி ரசீதும் அந்தக் கணத்துக்குப் பிற்பட்டவை. ஆகவே மிகுந்த ரசீதுகள் ஏறிய நாள், ஒரே ஒரு பதிவுகூட இல்லாமல், கோப்பிலிருந்து முழுவதுமாக விழுந்துவிடுகிறது.

இப்பிழையைக் கண்டுபிடித்தவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் திருத்தம், முடிவை ‘டிசம்பர் 31, 23:59:59’ என்று எழுதுவது. நொடியின் பின்னங்களையும் சேமிக்கும் நெடுவரிசையில் அந்தக் கடைசி நொடிக்குள் விழுந்த பதிவு இதிலும் விடுபடும். அதற்கு மருந்தாக 23:59:59.999 என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை நேரத்தை ஒரு நொடியின் முந்நூற்றில் ஒரு பங்கு அளவிலேயே சேமிப்பதால், அந்த மதிப்பு அடுத்த நாளின் 00:00:00க்கு உருட்டப்பட்டு, ஜனவரி முதல் கணத்தின் பதிவு டிசம்பர்க் கணக்கில் புகுந்துவிடுகிறது. மூன்றாவது திருத்தம், ஆரக்கிளின் ட்ரங்க், மைஎஸ்க்யூஎல்லின் டேட் போன்ற சார்புகளால் ஒவ்வொரு பதிவின் மணியையும் வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் ஒப்பிடுவது. இதில் விடை சரியாகவே வரும். ஆனால் நெடுவரிசையின் மேல் சார்பைப் போர்த்தியவுடன், அந்த நெடுவரிசைக்கென்று அமைத்த சுட்டுவரிசை, அதாவது இண்டெக்ஸ், பொதுவாகப் பயன்படாமல் போகிறது. அட்டவணையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கணினி படித்தாக வேண்டியிருப்பதால், சில நொடிகளில் முடிய வேண்டிய ஏற்றுமதி நெடுநேரம் இழுக்கிறது.

சரியான வழி எளியது: ‘டிசம்பர் 1 அன்றோ அதற்குப் பின்னோ, ஆனால் ஜனவரி 1க்கு முன்’ என்று இரு நிபந்தனைகளாக எழுதுவது. தொடக்கத்தை உள்ளே சேர்த்து முடிவை வெளியே நிறுத்தும் இவ்விடைவெளியைப் பாதி திறந்த இடைவெளி என்று கணிதத்தார் குறிப்பர். இதில் மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்ற கவலையே எழுவதில்லை. அடுத்த மாதத்தின் முதல் நாளை எழுதினால் போதும். படிகள் 365 ஆனாலும் 2024ஆம் ஆண்டுக்கு நாள்கள் 366 என்பதையும் இங்கே நினைக்கலாம். ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும் சார்பைக் கொண்டு, 365 என்ற எண்ணால் ஆண்டிறுதியைப் பிடிக்க முயலும் வினவல் அவ்வாண்டில் டிசம்பர் 30ஐயே எடுத்துத் தரும்.

அடுத்த சிக்கல் கடிகாரத்தைச் சார்ந்தது; இதுவே அலுவலகங்களைப் பெரிதும் அலைக்கழிப்பது. பல சேவையகங்கள் நேரத்தை யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடுகிறது. 2025 ஜனவரி 1 பிறந்து 15 நிமிடம் ஆனபோது மலைமேல் போடப்பட்ட ரசீது, சேவையகத்தில் 2024 டிசம்பர் 31, 18:45 என்று பதிவாகும். அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுக்கும் ஏற்றுமதி, நள்ளிரவு முதல் காலை 5:30 வரையிலான அத்தனை ரசீதுகளையும் முந்தைய நாளுக்கும் முந்தைய ஆண்டுக்கும் தள்ளிவிடும். அதிகாலையில் எவரும் வராத அலுவலகத்தில் இப்பிழை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். நள்ளிரவில் வேலை நடக்கும் கோயிலிலும் மருத்துவமனையிலும் இரயில் நிலையத்திலும் முதல் நாளே தலைகாட்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் என்னும் வகை யூடிசியில் சேமிக்கப்பட்டு, கேட்பவரின் இணைப்புக்கு என்ன நேரமண்டலம் அமைந்துள்ளதோ அதற்கு மாற்றித் தரப்படுகிறது; டேட்டைம் வகையோ எழுதியபடியே திரும்புகிறது. ஆகையால் ஒரே வினவலை ஒருவர் தம் மேசைக் கணினியிலிருந்து ஓட்டினால் ஒரு விடையும், இரவில் தானாக ஓடும்படி சேவையகத்தில் அமைத்தால் வேறொரு விடையும் வரலாம். வினவலில் ஓர் எழுத்தும் மாறியிராது. நேரமண்டலத்தை மாற்றும் கன்வெர்ட் டீஇசட் சார்புக்கு ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மண்டலத்தின் பெயரைக் கொடுக்கும்போது, மண்டலப் பட்டியல் அந்தச் சேவையகத்தில் ஏற்றப்படாமல் இருந்தால், அச்சார்பு பிழை காட்டாமல் நல் என்னும் வெற்று மதிப்பைத் தருகிறது. ஏற்றுமதிக் கோப்பில் தேதி நெடுவரிசை முழுவதும் காலியாக வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். ‘+05:30’ என்று எண்ணால் கொடுத்துப் பார்த்து விடை வந்துவிட்டால் ஐயம் உறுதியாகும். போஸ்ட்கிரெஸில் ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை இயல்பு அமைப்பு இஸ்ரேல் நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரமாகக் கொள்ளத் தனி அமைப்பு வேண்டும். அதே தரவுத்தளத்தில் ‘யூடிசி+5:30’ என்று மண்டலத்தைக் குறித்தால், பழைய போசிக்ஸ் மரபுப்படி கூட்டல் குறி மேற்குத் திசையைக் காட்டுவதால், நேரம் 5:30 மணி முன்னே செல்வதற்கு மாறாகப் பின்னே செல்கிறது. நேரங்கள் எல்லாம் சரியாக 11 மணி பிந்தியிருந்தால் காரணம் இக்குறியே. மூன்றரை மணி பிந்தியிருந்தால் காரணம் அச்சுருக்கம்.

பழைய பதிவுகளை எடுக்கும்போது ஊரின் கடிகார வரலாறும் வினவலுக்குள் வந்துவிடுகிறது. இந்திய நேரம் 5:30 என்பது 1906 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரயில்வே பின்பற்றிய மதராஸ் நேரம் யூடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட, மணவூரைக் கடந்து செல்லும் இப்பாதையின் வண்டிகளும் அந்நேரப்படி ஓடியவையே. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. கணினிகள் பயன்படுத்தும் உலக நேரமண்டலப் பட்டியலில் இச்செய்தி பதிவாகியுள்ளது. முதியோர் ஒருவரின் பிறந்த தேதியாகிய 1943ஆம் ஆண்டின் ஒரு நாளை, நள்ளிரவு நேரம் சேர்த்து, அப்பட்டியலின்படி யூடிசிக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, ஏற்றுமதியின்போது வெறும் 5:30 மட்டும் கூட்டினால், விடை முந்தைய நாள் இரவு 11 மணி என்று வரும்; ஓய்வூதியப் பட்டியலில் அவர் ஒரு நாள் முன்னதாகப் பிறந்தவராகிவிடுவார். இலங்கைப் பதிவுகளில் இது இன்னும் அண்மைக் காலத்து விவகாரம். அந்நாடு 1996 மே 25 அன்று 6:30க்கும், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று 6:00க்கும் மாறி, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் 5:30க்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ 2000ஆம் ஆண்டில் நள்ளிரவு கடந்து 15 நிமிடத்தில் எழுதப்பட்ட பதிவு, இன்றைய வித்தியாசத்தால் மாற்றப்படும்போது முந்தைய நாள் 23:45 ஆகிறது. பிறந்த தேதி, திருமண நாள், பத்திரப் பதிவு நாள் போன்றவற்றை மணியில்லாத் தேதி வகையிலேயே சேமிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அவை காலத்தின் ஒரு கணத்தைக் குறிப்பவை அல்ல. நாள்காட்டியின் ஒரு கட்டத்தைக் குறிப்பவை.

வடிவமைப்பில் நேரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் டு சார் என்னும் சார்பு தேதியை எழுத்தாக மாற்றித் தருகிறது. அதில் எம்எம் என்பது மாதம், எம்ஐ என்பது நிமிடம். நிமிடத்தின் இடத்தில் எம்எம் என்று எழுதிய வினவல் 18:12:05, 19:12:41, 23:12:58 என்று டிசம்பர் முழுவதும் நிமிடத்தை 12ஆகவே காட்டும். நேர நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தால் நடு எண் அசையாமல் நிற்பதே அடையாளம். ஆண்டைக் குறிக்கும் இடத்தில் ஐஎஸ்ஓ வார ஆண்டின் குறியைத் தவறி எழுதுவது இதனினும் கொடிது. ஐஎஸ்ஓ முறையில் வாரம் திங்களில் தொடங்குகிறது. 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமையாக அமைந்ததால், அன்றும் மறுநாளும் 2025இன் முதல் வாரத்தைச் சேர்ந்தவை. எனவே 2024 படித் திருவிழா ரசீதுகள் 31-12-2025 என்று, அப்போது இன்னும் வராத ஓர் ஆண்டின் தேதியில் அச்சாகும். ஆண்டின் மற்ற நாள்களில் பெரும்பாலும் சரியான விடை தந்துவிட்டு ஆண்டின் ஓரத்தில் மட்டும் வழுக்குவதால் இது சோதனைகளில் சிக்குவதில்லை.

ஆரக்கிளில் மற்றொரு பொறி உண்டு. ஏற்கெனவே தேதி வகையில் உள்ள நெடுவரிசையின் மேல், எழுத்தைத் தேதியாக்கும் டு டேட் சார்பைத் தேவையின்றிப் பயன்படுத்தினால், கணினி அந்தத் தேதியை முதலில் இணைப்பின் இயல்பு வடிவில் எழுத்தாக்கி, பிறகு மீண்டும் தேதியாக்குகிறது. இயல்பு வடிவம் ஆண்டுக்கு ஈரிலக்கமே தருவதாக இருந்தால், மணி உதிர்ந்துபோவதோடு, 00 முதல் 49 வரையிலான ஆண்டுகள் இந்த நூற்றாண்டுக்கும் 50 முதல் 99 வரையிலானவை சென்ற நூற்றாண்டுக்கும் உரியவையாகக் கொள்ளப்படுகின்றன. 1958ஆம் ஆண்டுப் பத்திரம் 1958ஆகவே நிற்கும். 1947ஆம் ஆண்டுப் பத்திரம் 2047 ஆகிவிடும். நூறாண்டுப் பழைய நில ஆவணங்களைக் கையாளும் எந்த அலுவலகமும் இதை அலட்சியம் செய்ய இயலாது.

நில ஆவணங்கள் என்றதும் ஆண்டுக் கணக்கு பற்றிய கேள்வி வருகிறது. தேதிச் சார்புகளுக்குத் தெரிந்த ஆண்டு ஜனவரியில் தொடங்குவது. நம் அரசுக் கணக்கின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவது. வருவாய்த்துறையின் அடங்கலும் ஜமாபந்தியும் பின்பற்றும் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவது. 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை பசலி 1434. காலாண்டைக் கணக்கிடும் சார்பிடம் மே மாதத்தைக் கொடுத்தால் இரண்டாம் காலாண்டு என்று சொல்லும். கணக்குப் பிரிவுக்கோ அது முதல் காலாண்டு. இதற்குப் பல அலுவலகங்கள் நீண்ட நிபந்தனைத் தொடர்களை எழுதி வைத்திருக்கின்றன. தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துவிட்டு ஆண்டைக் கேட்டால் நிதியாண்டின் தொடக்க ஆண்டும், ஆறு மாதம் கழித்துவிட்டு ஆண்டைக் கேட்டு அதிலிருந்து 590ஐக் கழித்தால் பசலியும் கிடைத்துவிடுகின்றன. 2025 ஜூன் 30ஐக் கொடுத்தால் 1434, மறுநாளைக் கொடுத்தால் 1435. ஆண்டு எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று தெரியாமல் தேதிக்குப் பொருளில்லை என்பது இம்மண்ணுக்குப் புதிய செய்தியன்று: மணவூருக்கு அடுத்த நிலையமான திருவாலங்காட்டின் செப்பேடு, முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டு என்றே நாள் குறிக்கிறது, அம்மன்னன் ஆட்சிக்கு வந்த ஆண்டை வேறிடத்திலிருந்து அறிந்த பிறகே அறிஞர்கள் அதைப் பொது ஆண்டுக்கு மாற்ற முடிந்தது.

இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. தேதியும் இடமும் சேர்ந்து பிழைபடும் சிக்கல் அது. திருத்தணி 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடும், 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்தோடும் சென்றது, ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது; 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. ஊர் ஓரடியும் நகரவில்லை. அதன் மாவட்டமும் மாநிலமும் மட்டும் தேதியைப் பொறுத்து மாறுகின்றன. 1958ஆம் ஆண்டு ஆவணத்தை ஏற்றுமதி செய்யும் வினவல், ஊர்ப் பட்டியலில் இன்றைய மாவட்டத்தைப் பார்த்துத் திருவள்ளூர் என்று எழுதினால், இல்லாத மாவட்டத்தின் பெயரில் ஆவணம் வெளியே போகிறது. அந்தப் பெயரைக் கொண்டு மூலப் பதிவேட்டைத் தேடுபவர் தவறான அலுவலகத்தின் வாசலில் நிற்பார்.

இதற்கு ஒவ்வொரு மாவட்டப் பெயருக்கும் ‘எந்நாள் முதல்’, ‘எந்நாளுக்கு முன்’ என்ற இரு தேதிகள் கொண்ட தனி அட்டவணை வேண்டும். ஆவணத்தின் தேதி எந்த இடைவெளியில் விழுகிறதோ அந்தப் பெயரை எடுக்க வேண்டும். இங்கும் இரு முனைகளையும் உள்ளே சேர்த்து, சித்தூருக்கு முடிவு 1960 ஏப்ரல் 1 என்றும் செங்கல்பட்டுக்குத் தொடக்கம் 1960 ஏப்ரல் 1 என்றும் எழுதிவிட்டால், அந்நாளில் பதிவான ஒவ்வோர் ஆவணமும் இரண்டு மாவட்டங்களிலும் பொருந்தி, கோப்பில் இருமுறை வரும், தொகைகளும் இரட்டிக்கும். சித்தூருக்கு முடிவு மார்ச் 31, 00:00 என்று கொண்டால் அந்த ஒரு நாளின் ஆவணங்கள் எந்த மாவட்டத்துக்கும் உரியவையாகாமல் மறையும். எல்லை நாள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது என்ற விதியை, டிசம்பர் ரசீதுக்கு எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டுமோ அவ்வளவு கண்டிப்பாக இங்கும் பின்பற்ற வேண்டும்.

வினவல் பிழையற்று அமைந்த பிறகும் கோப்பைத் திறக்கும் இடத்தில் கேடு காத்திருக்கிறது. சிஎஸ்வி எனப்படும் கால்புள்ளிக் கோப்பில் தேதி வெறும் எழுத்தாகவே இருக்கிறது; எக்செல் அதைத் திறக்கும்போது அக்கணினியின் வட்டார அமைப்பைக் கொண்டு தேதியாக ஊகிக்கிறது. அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் 03/04/2025 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிறது. 25/04/2025 என்பதற்கு இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே விடப்படுகிறது. நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் நிற்பவைதான் கெட்டுப்போனவை என்று அறியலாம். இடப்பக்கத்தவை எழுதியபடியே தப்பியவை. எல்லாத் தேதிகளும் ஒன்றுபோல் நான்கு ஆண்டு ஒரு நாள் தள்ளியிருந்தால், 1900இலிருந்து எண்ணும் கோப்பும் பழைய மேக் கணினிகளின் வழக்கப்படி 1904இலிருந்து எண்ணும் கோப்பும் கலந்துவிட்டன என்று பொருள். இரண்டுக்கும் இடையே 1462 நாள் வேறுபாடு உண்டு. ஏற்றுமதியில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 ஒழுங்கில் 2025-04-03 என எழுதுவதும், மணி இருக்கும் இடத்தில் +05:30 என்ற வித்தியாசத்தையும் சேர்த்தே எழுதுவதும் இக்குழப்பங்களில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும்.

பிழையைத் தேடத் தொடங்குபவர் ஏற்றுமதிக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. விடுபட்ட பதிவு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் மூல மதிப்பை மணி, நிமிடம், நொடி, நேரமண்டலம் ஆகியவற்றோடு தரவுத்தளத்திலேயே முழுமையாக எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு வினவலின் சார்புகளை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சேர்த்து, மதிப்பு எந்தப் படியில் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஆண்டறிக்கையும் மாத அறிக்கையும் அனுப்பும் பொறுப்பிலுள்ள அலுவலர்கள், ஒவ்வொரு புதிய வினவலையும் பயன்படுத்துவதற்கு முன், டிசம்பர் 31 இரவு 11:59, ஜனவரி 1 நள்ளிரவு 12:15, லீப் ஆண்டின் பிப்ரவரி 29, ஜூலை 1 அதிகாலை ஆகிய நான்கு தேதிகளில் சோதனைப் பதிவுகளை இட்டு, அவை உரிய நாளிலும் உரிய ஆண்டிலும் ஒரே ஒரு முறை மட்டும் வருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். நான்கில் ஒன்று பிசகினாலும் அந்தக் கோப்பு அனுப்பத் தக்கதன்று.